கழிமுகச் சேறும் என் ஆம்பூர் நாக்கும்

தினமும் குடிக்கிற தண்ணீர் உப்பா, நல்லதா என்று அதைக் குடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? எட்டு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. இன்னும் பதில் கிடைக்கவில்லை. இப்போதும் இளையவனுக்குப் பால் கலக்கும்போது தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நன்றாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

நான் வேலையிலிருந்து நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள வயது போதாது. முப்பத்து நாலுதான் ஆகிறது. வேலூரில் ஒரு சின்ன மண் ஆய்வுக்கூடத்தில் பத்து வருடம் உதவியாளராக இருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு தினமும் ஆம்பூரிலிருந்து போய்வர முடியவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். போன மாதம், என் இடத்துக்கு வந்திருக்கிற பெண் கடிதம் போட்டிருந்தாள். சேற்றைக் கழுவிய தண்ணீரில் உப்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க இப்போது ஒரு மின்கருவி வந்திருக்கிறதாம். கம்பியை முக்கினால் முள் நகர்ந்து காட்டிவிடுமாம். அதற்கு முன்னால் நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் போனதும், இது அவள் ஒருத்திக்கு மட்டும் எழுதி முடிக்கக் கூடியது இல்லை என்று தோன்றியது.

வேலை கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வேதியியல் படித்தேன். முதல் இரண்டு வருடம் ஏரி மண்ணைச் சல்லடையில் சலித்தேன், கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவினேன், சிலவற்றை உடைத்தேன். பிறகு கல்யாணம். பிறகு மூத்தவள் பிறந்தாள். அவளுக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் எங்கள் கூடத்துக்கு மனோகர் சார் பொறுப்பாளராக வந்தார்.

விரிஞ்சிபுரத்துக்காரர். என்னைவிட ஒரே ஒரு வயதுதான் பெரியவர். ஒல்லியாக, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார். யாரையும் 'ஏன்' என்று கேட்க மாட்டார். 'எப்போ? எத்தனை மணிக்கு?' இந்த இரண்டு கேள்விகள்தான். கண்ணாடி உடைந்தது என்று சொன்னால்கூட, "எத்தனை மணிக்கு?" என்பார். பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் கையெழுத்து, நேரம். "அடிச்சது படிக்கத் தெரியணும். எதை அடிச்சோம்னு நாளைக்கு நமக்கே மறந்துபோயிடும்" என்பார்.

எங்கள் கடைநிலை ஊழியர் பாஷா பாய், பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், முதல் வாரமே சாருக்குப் பெயர் வைத்துவிட்டார். "இன்னா எஸ்தரம்மா, கடியாரம் வந்தாச்சா?" என்றுதான் என்னிடம் கேட்பார்.

அந்த வருடம் எங்களிடம் வந்தது, பாலாறு கடலில் சேரும் இடத்துச் சதுப்பு நிலத்தின் சேறு. அங்கே உப்பளம் போட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. வடக்கு ஓடை, தெற்கு ஓடை என்று அந்த நிலத்துக்குள் கடல்நீர் ஏறி இறங்குகிற ஓடைகள் இரண்டு. இரண்டின் வாயையும் அடைத்துக் கரை போட வேண்டும். அது செத்த நிலம், புதுச் சேறு வருவது நின்று எவ்வளவோ காலம் ஆகிறது, அதனால் அடைப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பது அவர்கள் வாதம். இன்னும் சேறு வருகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. வருகிறது என்றால் கரைக்கு அனுமதி கிடையாது. நின்றுவிட்டது என்றால் உண்டு. ஓடைகளை ஒட்டி ஒரு குடியிருப்பு. அங்கே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். அந்த வீடுகளில் அடுப்பு எரிவது அந்த இறாலை நம்பித்தான்.

சேறு எடுக்கப் போன அன்று நானும் ஜீப்பில் போனேன். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு விடிவதற்குள் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் அவள் அழுவாளா, சளி பிடித்திருந்ததே, மருந்து எங்கே இருக்கிறது என்று சொன்னேனா என்று யோசித்துக்கொண்டே போனேன். மதியத்துக்குள் பால் கட்டி மார்பு வலித்தது. சொல்ல முடியுமா? நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடலோரம் என்றால் மணலும் அலையும் என்று நினைத்திருந்தேன். அங்கே அலை இல்லை. பச்சையும் சிவப்புமாக முழங்கால் உயர உமரிச் செடிகள், நடுவே வளைந்து போகிற ஓடைகள், கால் வைத்தால் கணுக்கால் வரை இழுக்கிற சாம்பல் நிறச் சேறு. வழிகாட்ட வந்தவர் கன்னியப்பன். அந்தக் குடியிருப்புக்காரர். வயதானவர் ஒன்றும் இல்லை, நாற்பது இருக்கும். ஆனால் எல்லோருக்கும் அவர் சொன்னால் சரி.

"சாரு, கடல் ஏறும்போது பாருங்க, டீத்தண்ணி மாதிரி ஏறும். எறங்கும்போது மூஞ்சி பாத்துக்கலாம், அப்பிடி எறங்கும். அப்போ அந்தக் கலங்கல் எங்க போச்சி?"

"எங்க போச்சு?" என்று சார் கேட்டார்.

கன்னியப்பன் ஓர் உமரித் தண்டை ஒடித்து இரண்டு விரலுக்கு நடுவே உருவினார். விரலில் சாம்பல் குழம்பு ஒட்டியது. "இந்தா. இதான் புடிச்சி வெச்சிக்குது."

"எத்தனை மணிக்கு ஏறும்?"

"இன்னா சாரு, பஸ்ஸா அது?" என்று சிரித்தார். பிறகு பிறையைக் கணக்கு வைத்து, இன்றைக்கு இப்போது, நாளைக்கு இதைவிட முக்கால் மணி தள்ளி என்று சொன்னார். சார் அதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டார்.

அன்று நானே பார்த்தேன். ஓடையில் கலங்கல் நிறைந்து கரையைத் தாண்டி வழிந்தது. வழிந்த இடத்திலேயே வேகம் குறைந்து, மணல் முதலில் விழுந்தது. ஓடையின் விளிம்பு மட்டும் வரப்பு போல உயர்ந்திருப்பதன் காரணம் அதுதான். மணலை விட்டுவிட்டுத் தண்ணீர் செடிகளுக்குள் நடந்தது. ஒவ்வொரு தண்டும் அதைக் கொஞ்சம் நிறுத்தியது. ஆற்று நீரில் நாள் கணக்கில் மிதக்கிற நுண்ணிய களிமண், கடலின் உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிப் பூப்பூவாகத் திரளும். திரண்டதும் கனம் தாங்காமல் இறங்கும். சேற்றை அந்த நிலத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது ஆறு. இறக்கி வைப்பது உப்பு. பிடித்து வைப்பது உமரி. ஒரு வெள்ளத்தில் ஒரு காகிதக் கனம் சேரும். அப்படித்தான் அந்த நிலம் கடலுக்குக் கீழே போகாமல் தலை தூக்கி நிற்கிறது. அதில் பாதி எங்கள் பக்கத்து மண் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆம்பூரிலும் வேலூரிலும் மணலாகக் காய்ந்து கிடக்கிற ஆறு, ஐப்பசி கார்த்திகையில் வருகிற சில நாள் வெள்ளத்தில் இவ்வளவு தூரம் இதைச் சுமந்து வந்திருக்கிறது.

குழாய்களைச் சேற்றில் அழுத்தி எடுத்தோம். மேல் இரண்டு விரல் கனம் தனி, அதற்குக் கீழே தனி. மேல் சேற்றில் வெள்ளத்து நுண்களிமண் நிறைய இருந்தால் புதுச் சேறு வருகிறது என்று அர்த்தம். குறைந்துபோயிருந்தால் நின்றுவிட்டது.

இனி அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் நான் செய்தது புரியாது.

உப்பு இருந்தால் களிமண் திரண்டு சீக்கிரம் இறங்கிவிடும் என்று சொன்னேன் இல்லையா? அது சதுப்பு நிலத்தில் நடக்க வேண்டும். எங்கள் கண்ணாடி ஜாடிக்குள் நடக்கக் கூடாது. நடந்தால் நுண்களிமண்ணும் பெரிய துகள் போல வேஷம் போட்டுக்கொண்டு இறங்கிவிடும். அதனால் முதலில் வாலை வடித்த தண்ணீரில், ஆவியாக்கி வடித்த உப்பில்லாத தண்ணீரில், சேற்றைக் கரைத்து, தெளிய விட்டு, மேல் நீரை இறுத்து, மறுபடி கரைத்து, உப்புப் போகும் வரை கழுவ வேண்டும். பிறகு துகள்கள் ஒட்டாமல் இருக்க ஒரு மருந்து சேர்த்து, ஒரு லிட்டர் ஜாடியில் ஊற்றிக் கலக்கி நிறுத்த வேண்டும். பெரிய துகள் முதலில் இறங்கும், சின்னது பின்னால். குறித்த நேரத்தில், மேலிருந்து சரியாகப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் பிப்பெட்டை இறக்கி, உறிஞ்சி எடுத்து, உலர்த்தி நிறுத்தால் அந்த நேரத்தில் இன்னும் மிதக்கிறது எவ்வளவு என்று தெரியும். முதல் எடுப்பு சில நொடிகளில். கடைசி எடுப்பு, நுண்களிமண்ணுக்கானது, தண்ணீரின் சூட்டைப் பொறுத்து ஆறு மணி நேரமோ ஏழு மணி நேரமோ கழித்து. வேலூர் வெயிலில் தண்ணீர் இளகிவிடும், துகள் சீக்கிரம் இறங்கும். அதற்கு ஓர் அட்டவணை சார் கையால் எழுதி ஒட்டியிருந்தார்.

அந்த அறையில் அவர் இருப்பதே தெரியாது. செருப்பு வெளியே. ஜாடிகள் ஜன்னலிலிருந்து தள்ளி. ஒரு பக்கம் வெயில் பட்டால் உள்ளே நீர் சுழலும். எடுப்பு நேரத்தில் மின்விசிறி கிடையாது. பிப்பெட்டை இறக்கும்போது மூச்சை நிறுத்திவிடுவார்; பத்து சென்டிமீட்டர் கோடு நீர்மட்டத்தைத் தொடுகிற அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிறபோது நான் அப்படித்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன்.

உப்புப் போய்விட்டதா என்று பார்க்க சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுவோம். உப்பு இருந்தால் பால் போல வெளுக்கும். சேறு வந்த மாதத்தில் அது தீர்ந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வர வேண்டும், வரவில்லை. அறிக்கைக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

"நாக்கும் ஒரு கருவிதானே. ஒரு சொட்டு வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுங்க. கரிக்காம இருந்தா போதும்" என்றார் சார்.

நான் கழுவினேன், சொட்டு வைத்தேன், துப்பினேன். மூன்றாவது கழுவலிலேயே எனக்குக் கரிக்கவில்லை. எல்லா ஜாடிகளுக்கும் அப்படியே செய்தேன்.

முதல் நாள் கடைசி எடுப்பு மூன்றே முக்கால் மணிக்கு. சார் கலெக்டர் அலுவலகம் போயிருந்தார். பத்து மாதக் குழந்தைக்குக் காலையில் உடம்பு சுட்டது; நாலு மணி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். பிப்பெட்டை இறக்கினபோது ஜாடியின் மேல்பகுதி தெளிவாக இருந்தது. சாதாரணமாக அந்த நேரத்தில் மங்கலாக, கஞ்சித் தண்ணீர் போல இருக்கும். கீழே, திரிந்த பால் மாதிரி ஒரு படிவு. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இந்தச் சேறு இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடற்கரைச் சேற்றை இதற்கு முன் நான் கண்டதில்லையே. எழுதி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் சார் கேட்டார். "எல்லாம் சரியா எஸ்தர்? எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"மூணே முக்கால் சார். சரி சார்."

நேரத்தைக் கேட்டார், சொன்னேன். தெளிவாக இருந்ததை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மற்ற ஜாடிகளிலும் அதுவே திரும்பத் திரும்ப வந்ததால், எல்லாவற்றிலும் ஒன்று போல வருவது சரியாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு ஓடைச் சேற்றிலும் நுண்களிமண் மிகக் குறைவு, புதுச் சேறு வருவதற்கு அடையாளம் இல்லை என்று அறிக்கை போனது.

ஐந்து வாரம் கழித்து என் நாத்தனார் லீலா கலவை ஊரிலிருந்து முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாள். ஒரு வாய் வைத்ததும் வாசலில் போய்த் துப்பினாள்.

"அய்யோ அண்ணி! இன்னா இது, கடல் தண்ணியா? ஊறுகாய்ப் பானைல மோந்துட்டியா?"

"நல்ல தண்ணிதான்டீ. கெணத்துத் தண்ணி."

"இதுவா நல்ல தண்ணி? எப்பிடித்தான் குடிக்கிறீங்களோ. காப்பி வேணாம்பா எனக்கு, சோடா இருந்தா குடு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "தோல் ஊற வெக்கற உப்பெல்லாம் எங்க போவும்? இங்கதான் எறங்கும். நமக்குப் பழகிப்போச்சு, தெரியல."

நான் சிரிக்கவில்லை. கையில் குழந்தை இருந்தாள். அவளுக்குப் பால்மாவு அந்தத் தண்ணீரில்தான் கலக்கிக்கொண்டிருந்தேன். முதலில் அதுதான் தோன்றியது. அதற்கு அடுத்த நொடி, ஜாடியின் தெளிந்த மேல்பகுதி கண்முன்னால் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்கு என்னுடையது. எனக்குக் கரிக்கவில்லை என்றால் அது உப்பு இல்லை என்று ஆகிவிடாது.

அன்று இரவு பூராவும் யோசித்தேன். நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. அறிக்கை போய்விட்டது. என் வேலை நிரந்தரமாகவில்லை. சொல்லி, பிறகு ஒன்றுமில்லை என்று ஆனால்? சொல்லாமல் இருந்தால்? காலையில் வேலூர் போய் இறங்கும் வரை முடிவு செய்யவில்லை. சார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன்.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "கொழந்தைக்கும் அந்தத் தண்ணிதானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "இன்னிலேர்ந்து இங்கேர்ந்து ஒரு கேன் எடுத்துட்டுப் போங்க" என்றார். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்புறம் அவர் செய்ததை நான் யாரிடமும் இன்று வரை மெச்சாமல் சொன்னதில்லை. என்னை நம்புவதாகவும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. ஆறு கண்ணாடிக் குவளைகளைக் கழுவி, உப்பை நிறுத்து, ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாகக் கரைத்தார். முதல் குவளை வெறும் வாலை வடித்த தண்ணீர். எண்களை அடியில் ஒட்டி, இடம் மாற்றி வைத்தார். என்னையும், பாஷா பாயையும், காட்பாடியிலிருந்து வருகிற தட்டச்சுப் பெண்ணையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். கடைசியில் என்னை எண்களை எழுதச் சொல்லிவிட்டு அவரும் குடித்தார்.

தட்டச்சுப் பெண் மூன்றாவதற்கே முகம் சுளித்தாள். சாருக்கு இரண்டாவதே தெரிந்தது. பாஷா பாய் ஐந்தாம் எண் குவளையைச் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, "சார், இது எங்க ஊரு தண்ணி சார். டீ போட்டா பிரமாதமா இருக்கும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் அதையேதான் நல்ல தண்ணீர் என்று எடுத்து வைத்திருந்தேன். வாலை வடித்த தண்ணீரை, சப்பென்று ஏதோ குறையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

பாஷா பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "விடும்மா. நாக்கு இன்னா பண்ணும், குடுத்ததக் குடிக்குது" என்றார்.

நான் நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழிக்கப் போனேன். சார் கையை நீட்டித் தடுத்தார்.

"கிழிக்காதீங்க. ஒரு கோடு. கையெழுத்து. நேரம்."

"எல்லாப் பக்கத்துலயுமா சார்?"

"எல்லாப் பக்கத்துலயும்."

நான் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். மேலிடத்துக்கு அன்றே கடிதம் எழுதினார். அதில் என் பெயர் இல்லை. 'சோதனை மருந்து தீர்ந்தபோது வேலையை நிறுத்தாமல் சுவையை வைத்துப் பார்க்கச் சொன்னது என் தவறு. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். மீதச் சேற்றில் மறுசோதனை செய்யும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.' தட்டச்சுப் பெண் அடித்துவிட்டு, "சார், உங்க வேலைக்கே ஆபத்து வந்துடுமே" என்றாள். "எழுத்துப் பிழை இல்லாம இருக்கா பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

தன் கைக்காசைப் போட்டு மெட்ராஸுக்கு ஆள் அனுப்பி சில்வர் நைட்ரேட் வாங்கினார். மீதச் சேற்றை நானே மறுபடி கழுவினேன். சில ஜாடிகளுக்கு எட்டு முறை கழுவ வேண்டியிருந்தது. நான் மூன்றோடு நிறுத்தியவை அவை. இந்த முறை ஆறரை மணி நேரம் கழித்தும் ஜாடி முழுக்க மங்கலாக இருந்தது. அந்த மங்கலைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நிறுத்துப் பார்த்தால் மேல் சேற்றில் நுண்களிமண் நிறைய. வடக்கிலும் சரி, தெற்கிலும் சரி, நிலம் உயிரோடு இருந்தது. வெள்ளம் வந்தபோதெல்லாம் பாலாறு அங்கே சேறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. உமரி வாங்கி வைத்திருக்கிறது. கன்னியப்பன் விரலால் உருவிக் காட்டியதை நாங்கள் மூன்று மாதம் பாடுபட்டு எழுத்தில் சொன்னோம்.

தெற்கு ஓடைக்கு அனுமதி நிறுத்தப்பட்டது.

வடக்கு ஓடைக்கு முதல் அறிக்கையை வைத்து முன்னமே உத்தரவு போய்விட்டிருந்தது. எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தபோது ஓடை வாயில் கரை எழும்பிவிட்டது. சதுப்பை வெட்டிப் பாத்தி கட்டிவிட்டார்கள். சாருக்கு மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வந்தது, அவருக்கு வர வேண்டிய உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்குத் தண்டனை, எனக்கு நிரந்தரம் என்பது சரியா என்று இன்றும் எனக்கு உறுத்தல்.

வடக்கு ஓடைக்கான உத்தரவு போன நாளைப் பிறகு ஒரு கோப்பில் பார்த்தேன். ஜாடி தெளிவாக இருந்ததை நான் பார்த்த நாளுக்கும் அதற்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மறுநாள் அவர் கேட்டபோதாவது, "சார், தெளிவா இருக்கு" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த பொங்கலுக்குக் கன்னியப்பன் வேலூருக்கே வந்துவிட்டார், ஒரு துணிப்பை நிறைய கருவாட்டு இறாலோடு.

"அம்மா, உங்க கணக்குலதான் தெக்கு ஓடை பொழச்சுது. வடக்க போனது போச்சி. அது இன்னா பண்றது, பெரிய எடத்து வெவகாரம்."

சார் உடனே, "இல்ல கன்னியப்பன். எங்க கிட்ட தப்பாச்சு. மொதல் கணக்கு தப்பு, அத நான் சரியாப் பாக்கல" என்றார்.

"அடப் போங்க சாரு. ஆபீசுன்னா காயிதம் லேட்டாத்தான் போவும்" என்று அவர் கையை ஆட்டிவிட்டார். என்னைப் பார்த்து, "கொழந்தைக்கு இந்த எறால வறுத்துக் குடுங்கம்மா, நல்லா சதை போடும்" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு சார், "என் பங்கை நான் சொல்லிட்டேன் எஸ்தர். உங்க பங்கு உங்களுது. சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இப்போது அவர் வேறு ஊரில் இருக்கிறார்.

போன வாரம் ஆய்வுக்கூட விலாசத்துக்கு எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து, என் இடத்துக்கு வந்திருக்கிற பெண் அதை இங்கே திருப்பி அனுப்பியிருந்தாள். கன்னியப்பன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகையின் பின்பக்கம் யாரையோ விட்டு எழுதவைத்திருக்கிறார். அம்மா அவசியம் வர வேண்டும். எங்கள் ஓடையைக் காப்பாற்றியவர் கையால் பொண்ணுக்குத் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும். பொண்ணு இத்தனை நாளாக வடக்கே உப்பளத்தில்தான் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள், காலெல்லாம் புண், கல்யாணத்துக்கு அப்புறமாவது அந்த வேலை வேண்டாம் என்று ஆண்டவனைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது.

நாங்கள் சேறு எடுக்கப் போன அன்று அந்தக் கல்யாணப் பெண் பத்து வயதுச் சிறுமி. வடக்கு ஓடையில் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் துழாவிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகம் நினைவில்லை.

என் வீட்டுக்காரர், "போய்ட்டு வா, பரிசு குடு, வாயத் தொறக்காத. சந்தோசமா இருக்கறவங்கள ஏன் பேஜார் பண்ணணும்?" என்கிறார். அது நியாயமாகத்தான் இருக்கிறது. சொன்னால் என் பாரம் இறங்கும், அவர்கள் வீட்டில் ஏறும் என்றும் படுகிறது. ஆனால் சொல்லாமல் அந்தத் தாலியை என் கையால் எடுத்துக் கொடுக்க முடியுமா? போகாமல் இருந்தால் அவர் மனம் நோகாதா? கல்யாணத்துக்கு முன்னால் கடிதம் எழுதிவிடுவதா, எல்லாம் முடிந்த பிறகு போய் நேரில் சொல்வதா, மகளிடம் சொல்வதா, அப்பாவிடம் சொல்வதா? நானும் பெண் குழந்தை பெற்றவள். இதை எழுதும்போதே நாலு முறை முடிவை மாற்றிவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒன்றைச் சொன்னவர்கள் இருந்தால் எப்படிச் சொன்னீர்கள் என்றும், இப்படி ஒன்றைக் கேட்டுக்கொண்டவர்கள் இருந்தால் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்றும், தயவுசெய்து தை பிறப்பதற்குள் எனக்கு எழுதுங்கள்.